மாமரத்தில் உறங்கிய கோழிகள்

நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு வயதான பெண் மடியில் கோழிக்கூடையோடு இருந்தார். பக்கத்தில் இருந்த இளம் பெண்ணிடம் திடீரென்று சொன்னார்:

"இதுகளுக்கு உறங்க இடமில்லாமப் போச்சி, புள்ள."

"ஏன் மாமி, கூடு இல்லியா?"

"கூட்டுல அடையாதுகள். நான் வெச்ச மாமரத்துலதான் ஏறுங்கள். அத மருமகன் தறிச்சுப் போட்டார். சவுதியால வந்து வாங்கின மோட்டார் சைக்கிள்ல கோழிப் பீ விழுதாம்."

"நீங்க ஒண்டும் கதைக்கலியா?"

"என்னத்தக் கதைக்கிற? வீடு வளவெல்லாம் மகளுக்குச் சீதனமா எழுதிக் குடுத்தாச்சி. பொழுதுபட்டு மஃரிபு நேரம் பாக்கன், மரம் நிண்ட இடத்துல இதுகள் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்குதுகள். கலைச்சாலும் போகல்ல."

"மகள் என்ன சொன்னா?"

"எல்லாத்தையும் அறுத்துக் கறியாக்கட்டாம். அவருக்கு ஊர்க்கோழி விருப்பமாம்."

இளம் பெண் கூடையைப் பார்த்தாள்.

"இப்ப எங்க கொண்டு போறீங்க?"

"நற்பிட்டிமுனைக்கு. தங்கச்சிட வளவுல ஒரு பலா நிக்குது."

"நீங்களும் அங்கதான் இருக்கப் போறீங்களா, மாமி?"

"கோழிகளுக்குத்தான் இடம் கேட்டன். எனக்கு இன்னும் கேக்கல்ல."