சங்கு ஊதியபோது எழுந்து நின்றவர்கள்

பெயர்: தனலக்ஷ்மி. தகப்பனார் பெயர்: முனிரத்தினம் (காலமானார்). வயது: 66. தொழில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. விலாசம்: ஒக்கலிபுரம், இரண்டாவது கிராஸ், பெங்களூரு. எழுதிய நாள்: 17.06.2025, காலை பதினொன்றரை மணி முதல்.

நான் மேற்படி விலாசத்தில் பத்தொன்பது வருடமாக வசித்து வருகிறேன். பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். கன்னடம் பேச வரும், எழுதினால் பிழை வரும் என்பதால் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தர அனுமதி கேட்டேன். உதவி ஆய்வாளர் சேஷகிரி அவர்கள், "நிதானமா எழுதுங்க மேடம். ஆனா நடந்தது நடந்த வரிசையில வரணும்" என்று அனுமதித்தார். தமிழ் தெரிந்த தலைமைக் காவலர் இதைக் கன்னடத்தில் எழுதிக்கொள்வார் என்றும் சொன்னார்.

எங்கள் தெரு மளிகைக் கடையின் மாடியில் ஒரு ஹால் உள்ளது. அங்கே மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஏதாவதொரு நாட்டுப் படம் போட்டு, முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவோம். கட்டணம் இல்லை. படத்தைத் தேர்ந்தெடுப்பதும், தொடங்கும்முன் கதையைத் தமிழில் சொல்வதும், புரொஜெக்டரைக் கவனிப்பதும் நான். வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கவயல் குடும்பத்தார்.

இந்த வருடப் பட்டியலை ஏப்ரல் முதல் வாரம் எழுதி ஹால் கதவில் ஒட்டினேன். ஜூன் மாதத்துக்கு ஒரு துருக்கிப் போர்ப் படம். அதன் பெயரைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லையில் ஒரு குன்றைக் காக்கும் பன்னிரண்டு சிப்பாய்களின் கதை. கடைசியில் ஒன்பது பேர் சவப்பெட்டியில் ஊர் திரும்புகிறார்கள். அந்தப் படத்துக்கு அவர்கள் நாட்டிலேயே சண்டை. எதிர்ப்பக்கத்தாரின் முகத்தை ஒருமுறைகூடக் காட்டவில்லை, இது படமல்ல பிரச்சாரம் என்று ஒரு சாரார். சிப்பாய் தாயை நினைத்து அழுவதைக் காட்டிப் படையைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று இன்னொரு சாரார். ஒரே படம் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை என்றால் தேசபக்தியைப் பற்றிப் பேச அது நல்ல பாடம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு மே மாதம் நம் நாட்டு எல்லையில் சண்டை வந்தது. துருக்கி எதிர்ப்பக்கம் நின்றதாக இங்கே எல்லோருக்கும் கோபம். எங்கள் தெருப் பழக்கடையில்கூட அந்த நாட்டு ஆப்பிள் இல்லை என்று அட்டை தொங்கியது. அந்த அட்டையைத் தினமும் பார்த்தேன். ஏப்ரலில் போட்ட பாடத்திட்டத்தை ஜூனில் திருத்தலாம். நான் திருத்தவில்லை. இது என் முதல் பிழை.

14.06.2025 சனிக்கிழமை இருபத்தாறு பேர் வந்தார்கள். சவரிமுத்து அண்ணன், வயது 74, முன்னாள் சுரங்கத் தொழிலாளி, தம் பேத்தி மலருடன் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. "ஏம்மா டீச்சரு, போன மாசம் அழுதே தீந்துச்சு. இன்னிக்காவது ஜெயிக்கிற படமா?" என்று கேட்டார். "பாத்துட்டு நீங்களே சொல்லுங்கண்ணா" என்றேன்.

மலருக்கு வயது 22. நர்சிங் முடித்து, ராணுவ மருத்துவமனைச் செவிலியர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறாள். ஜூலை முதல் தேதி சேர வேண்டும். அதற்கான போலீஸ் சரிபார்ப்புக் காகிதம் இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்துள்ளது.

நான் கதையைச் சொல்லி, இந்தப் படத்தை ஏன் போடுகிறேன் என்பதையும் சொல்லி, நான்கு பத்துக்குத் தொடங்கினேன். எங்கள் தெருவில் குடியிருக்கும் கணினி ஊழியர் பாலகுமார், வயது 29, படம் பாதி ஓடிய பிறகு வந்து பக்கச் சுவரோரம் நின்றார். நான் சொன்ன முன்னுரை அவர் காதில் விழவில்லை.

ஹாலுக்குப் பின்னால் ரயில் பாதை. வண்டி போகும்போதெல்லாம் ஒலியைக் கூட்டுவதும், போன பிறகு குறைப்பதும் எங்கள் வழக்கம். ஐந்து ஐம்பதுக்கு ஒரு வண்டி போனது. கூட்டினேன். வண்டி போய்விட்டது. திரையில் அந்த ஒன்பது பெட்டிகளும் கொடி போர்த்தி வந்துகொண்டிருந்ததால் பார்த்தபடி இருந்துவிட்டேன், குறைக்கவில்லை. அந்த நேரம் படத்தில் ஊர்ச் சங்கு, அதாவது சைரன், ஊதியது.

இந்த இடத்தில் தங்கவயல் வழக்கத்தைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. சுரங்கத் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீடுகளில் சங்கு ஷிப்ட் நேரத்துக்கு ஊதினால் அது வேலைக்கு. நேரம் தப்பி ஊதினால் கீழே விபத்து. யார் வீட்டுக்கு என்று அப்போது தெரியாது. அதனால் எல்லா வீட்டிலும் எழுந்து நிற்போம். சோறு உண்கிறவர் கையோடு எழுவார், குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிடுவார்கள், பள்ளியில் ஆசிரியர் முதலில் எழுவார். ஊதி முடிந்த பிறகுதான் சுரங்க வாசலுக்கு ஓடுவோம். 1972ஆம் வருடம் அப்படி ஒரு சங்குக்கு நான் வகுப்பில் எழுந்து நின்றேன். என் தகப்பனார் குளிக்க வைத்த வெந்நீர் அன்று சாயங்காலம் வரை அடுப்பில் இருந்தது. அவர் உடலைக் கீழே இறங்கித் தூக்கி வந்த நான்கு பேரில் சவரிமுத்து அண்ணனும் ஒருவர். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது.

சனிக்கிழமை சங்கு ஊதியதும் சவரிமுத்து அண்ணன் எழுந்தார். அவருடன், சுரங்கம் ஓடிய காலத்தைக் கண்ட தங்கவயல்காரர்கள் ஆறு பேர் எழுந்தார்கள். அண்ணனின் முழங்கால் மடங்கியதைப் பார்த்து மலர் எழுந்து அவர் முழங்கையைப் பிடித்து நிமிர்ந்து நின்றாள். மலர் பிறந்தது சுரங்கம் மூடிய பிறகு. அவளுக்கு அந்தச் சங்கு தெரியாது, தாத்தாவின் முழங்கால்தான் தெரியும். பாலகுமார் போனை உயர்த்திப் படம் பிடித்தார். அவருக்குப் பின்னால் இருந்த ராதா என்பவர், "போனை இறக்குப்பா, பெட்டிய மறைக்குது" என்றார். சங்கு நின்றது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு பேச்சு நடக்கும்போது பாலகுமார் அங்கே இல்லை.

மறுநாள் காலை பாலகுமார் போனில் பிடித்த படம் எங்கள் தெரு வாட்சப் குழுவில் வந்தது. பதினான்கு வினாடி. அதில் சங்குச் சத்தம் இல்லை. அதற்குப் பதில் ஒரு தேசபக்திப் பாட்டு ஓடியது. முன்னால் துருக்கிக் கொடி, அதற்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் மலர். அவள் முகம்தான் தெளிவாக இருந்தது. "நம்ம சோறு, அவங்க கொடிக்கு சல்யூட்" என்று கீழே எழுதியிருந்தது. மதியம் பாலகுமார் புகார் கொடுத்தார். மலரின் காகிதம் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஞாயிறு மாலை நான் பாலகுமார் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "டீச்சர், சுத்தி வளைக்காதீங்க. அந்தக் கொடிக்கு முன்னாடி எந்திரிச்சு நின்னாங்களா, இல்லையா?" என்றார்.

"நின்னாங்க. கொடிக்கு இல்லப்பா."

"எங்கண்ணன் மிலிட்டரில இருக்கான் டீச்சர். போன மாசம் நாலு நாள் போன் வரல. எங்கம்மா டிவி முன்னாடியே உட்காந்திருந்தாங்க. அந்த நாலு நாளும் அந்த நாடு யார் பக்கம் நின்னுச்சு?"

அவருடைய கோபத்தை நான் தவறு என்று எழுத மாட்டேன். நான் அவருக்கு ஒரு உதாரணம் சொன்னேன். கல்யாண ஊர்வலம் போகும் தெருவில் எதிரே பிணம் வந்தால் மேளத்தை நிறுத்துகிறோம். நிறுத்தியவன் செத்தவனுக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவதில்லை. அவனோடு நமக்கு வரப்புச் சண்டை இருந்தால் அது மறுநாளும் இருக்கும். ஆனாலும் மேளம் நிற்கும். அதன் பிறகு சங்கு வழக்கத்தைச் சொன்னேன். பாட்டு சேர்க்காத முதல் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. சத்தத்தோடு ஒருமுறை போட்டுக் கேட்டார். பிறகு, "இது உங்க ஊர் வழக்கம்னு எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?" என்றார். "தெரியாது. சங்கு வரும்னு எனக்குத் தெரியும். நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றேன். அது என் இரண்டாவது பிழை. நான் வீடு திரும்பினேன்.

இன்று காலை நான் வரும்போது பாலகுமார் எனக்கு முன்பே வந்து, போனுடன் ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் இருந்தார். அதே பெஞ்சின் மறுகோடியில் சவரிமுத்து அண்ணனும் மலரும். நடுவில் ஒருவர் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

மேலே உள்ளதை நான் எழுதிக்கொண்டிருந்தபோது, சேஷகிரி அவர்கள் பாலகுமாரை உள்ளே அழைத்து முதல் பதிவைக் கேட்டார். போனை மேசைமேல் தம் பக்கம் திருப்பி வைத்துச் சத்தத்தை முழுதாகக் கூட்டி ஓடவிட்டார். அறைக் கதவு திறந்திருந்தது. சங்கு ஊதியது. வராந்தாவில் சவரிமுத்து அண்ணன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மலர் எழுந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து போனின் திரை தெரியாது. அவர்களுக்கு எதிரே இருந்தது சுவர். சேஷகிரி அவர்கள் போனை நிறுத்தாமல் கதவு வழியே அவர்களைப் பார்த்தார். பாலகுமாரும் பார்த்தார். அதன் பிறகு பாலகுமார் வராந்தாவுக்குப் போய் அண்ணனின் மறு கையைப் பிடித்து, "உட்காருங்க தாத்தா, சங்கு நின்னுடுச்சு" என்று உட்கார வைத்தார். சேஷகிரி அவர்கள் என்னையும் உட்காரச் சொன்னார். அப்போதுதான் நானும் எழுந்து நிற்பதைக் கவனித்தேன். இந்தப் பக்கத்தில் பேனா இழுத்த மைக்கோடு அப்போது விழுந்தது.

சனிக்கிழமையும் நான் எழுந்து நின்றேன். பின் வரிசையில் புரொஜெக்டர் அருகே இருந்ததால் பதிவில் நான் இல்லை. எழுந்து நின்றது குற்றம் என்றால், படத்தைத் தேர்ந்தெடுத்த, ஒலியைக் குறைக்காத, முன்கூட்டிச் சொல்லாத என் பெயரை முதலில் எழுதும்படியும், தாத்தா விழாமல் பிடித்தவளின் காகிதத்தை ஜூலை முதல் தேதிக்கு முன் அனுப்பும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் செய்ததும். யார் சொல்லியும் எழுதவில்லை. திருப்பி வாசித்துப் பார்த்தேன், உண்மை.

(ஒப்பம்)
மு. தனலக்ஷ்மி