எந்த 'என்ன'?

சின்ன டிராக்டரில் பழகக் கஷ்டமானது பின்னுக்கு எடுப்பதுதான், சேர். முன்னுக்கு யாரும் ஓட்டலாம். பின்னால் சுமைப் பெட்டி பூட்டியிருந்தால், கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் பாதிதான் தெரியும். ஓர் ஆள் பின்னால் நின்று குரல் கொடுக்க வேண்டும். ஓட்டுகிறவன் கண்ணை நம்பக்கூடாது, குரலை நம்ப வேண்டும். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய வலன்ரைன் சொல்கிறேன்.

பேப்பரும் பேனையும் தந்து, தமிழிலேயே எழுதுங்கள் என்றீர்கள். நல்லது. என் மருமகன் ஷெல்டன் செத்து மூன்று மாதமாகிறது. இதுவரை வந்த பொலிஸ்காரர் எல்லோரும் சிங்களத்தில்தான் கேட்டார்கள், சிங்களத்தில்தான் எழுதிக்கொண்டார்கள். தமிழில் கேட்ட முதல் ஆள் நீங்கள்.

மினுவாங்கொடைக்கு அப்பால் எனக்கு இரண்டு ஏக்கர் தென்னங்காணி இருக்கிறது. எனக்கு என்று சொல்வது பழக்கதோஷம். மகள் டில்ஷானியின் கலியாணத்துக்கு அவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் டிராக்டர் என்னுடையது. ஓய்வுபெற்ற கையோடு வாங்கினேன். ஜப்பானில் ஓடிப் பழசானது, ஆனாலும் இன்னும் பத்து வருடம் உழைக்கும். புல் வெட்டும், குழி தோண்டும், தேங்காய் உரிமட்டை ஏற்றும். கியர்க் கம்பியின் ஒரு முனையில் முயல் படம், மறு முனையில் ஆமைப் படம். நான் முயலில் போட்டதே இல்லை.

என் மனைவி நேசம் போன பிறகு கொட்டாஞ்சேனை வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். சனிக்கிழமைகளில் மூன்று பேரும் காணிக்குப் போவோம். ஷெல்டன் மன்னார்ப் பிள்ளை. வெள்ளவத்தையில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை. கெட்டவன் என்று சொல்லமாட்டேன். குடியில்லை, சிகரெட் இல்லை. எதற்கும் சிரிப்பான், அவ்வளவுதான். டிராக்டருக்குக் கிரீஸ் அடிக்கச் சொன்னால், "என்ன அங்கிள், தலை இழுத்துப் பவுடரும் போட்டுவிடவோ?" என்பான். டில்ஷானியும் சேர்ந்து சிரிப்பாள். அவள் சிரிப்பதை நான் கவனித்திருக்கிறேன். கோபப்பட்டதில்லை. நான் கோபக்காரன் இல்லை என்று துறைமுகத்தில் யாரிடமும் விசாரிக்கலாம்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துக் காணிச் சிறில் வேலியருகே வந்து ஃபோனை நீட்டினான். "வலன்ரைன் அய்யே, விற்கப் போகிறீர்களா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்று சிங்களத்தில் கேட்டான். படத்தில் என் தென்னைகள். நடுவில் என் டிராக்டர். அதன் சீற்றில் டில்ஷானி ஏறி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தது: உரிமையாளர் இத்தாலி செல்வதால் காணி உடனடி விற்பனை. டிராக்டர் இலவசம்.

இலவசம், சேர்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது ஷெல்டன் தானாகவே கதையை எடுத்தான்.

"அங்கிள், ஓகஸ்டில நாங்கள் வெளிக்கிடுறம். டில்ஷானி உங்களிட்டச் சொல்லப் பயந்துகொண்டு நிக்கிறா."

"என்னத்துக்குப் பயம்?"

"நீங்கள் கத்துவீங்களாம்."

நான் கத்தவில்லை. சந்தோசம் மகன், என்றேன். டில்ஷானி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொரு டிசம்பரும் நத்தாருக்கு வருவம் அப்பா" என்றாள். வருடத்துக்கு எத்தனை நத்தார் வரும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பின்னால் நின்று குரல் கொடுக்க ஷெல்டனைப் பழக்கத் தொடங்கினேன். "வா வா எண்டு கத்தாத மகன். துறைமுகத்தில எல்லாருக்கும் ஒரே சொல்லுதான். என்ன, என்ன எண்டு சொல்ல வேணும். சிங்களத்தில அதுதான் வா." அவனுக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நான் வரச் சொல்லுறனோ, விசயம் கேக்கிறனோ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அங்கிள்?"

"தெரியும்" என்றேன்.

இப்போதுகூட நம் ஜன்னலுக்குக் கீழே ஒரு லொறியைப் பின்னுக்கு எடுக்கிறார்கள். கிளீனர் அதைத்தான் கத்துகிறான், கேட்கிறதா?

நிறுத்துவதற்கு ஒரு சொல்லும் பழக்கவில்லை. "வாயை மூடினாப் போதும். குரல் நிண்டா வண்டி நிக்கும்" என்றேன். அது நல்ல விதி. ஆள் விழுந்தாலும் மயங்கினாலும் வண்டி நின்றுவிடும். பயந்த ஆளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் அதில் உள்ள ஒரே குறை.

நன்றாகப் பழகினான். மார்ச், ஏப்ரல், மே. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சத்தமாகச் சொல்லவேண்டும் என்றும் நான்தான் சொன்னேன். சிறில்கூட ஒருநாள் கேலி செய்தான். மருமகனுக்குப் பஸ்ஸில் கண்டக்டர் வேலை எடுத்துக் கொடுக்கலாமாம்.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை டில்ஷானி பாஸ்போர்ட் அலுவலாகப் போயிருந்தாள். பெட்டி நிறைய உரிமட்டை. தண்ணீர்த் தாங்கியின் கொங்கிறீட் சுவரோரம் கொட்டவேண்டும் என்றேன். ஷெல்டன் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றான். இரண்டு பக்கமும் முந்திய கிழமை நான் கொட்டிய மட்டைக் குவியல், இடுப்பளவுக்கு. பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்று துறைமுகத்தில் முதல் நாளே சொல்லித் தருவார்கள். நான் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆமையில் போட்டேன்.

என்ன, என்ன என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தான். பெட்டி அவன் வயிற்றுக்கு ஒரு முழம் இருக்கும்போது வாயை மூடினான். பழக்கியபடிதான். நான் கிளச்சில் கால் வைக்கவில்லை.

"என்ன?" என்றான். பிறகு, "என்ன அங்கிள்? என்ன?"

ஆமையில் ஒரு முழம் போக நேரம் எடுக்கும், சேர். ஒரு மனிதன் ஒரு கேள்வியை நாலு தரம் கேட்கலாம். நாலு தரம் கேட்டான்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபத்தில் இருக்கிறவன் முயலில் போடுவான்.

சிறில் ஓடிவந்தான். "என்ன அங்கிள், என்ன" என்று மருமகன் கூப்பிட்டதைக் காதால் கேட்டேன் என்று பொலிசில் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் காதுக்கு அது வா என்றுதான் கேட்டது. விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

டில்ஷானி இத்தாலி போகவில்லை. விளம்பரத்தையும் எடுத்துவிட்டாள். போன மாதம் அவளே வந்து, டிராக்டர் ஓட்டப் பழக்குங்கள் அப்பா என்றாள். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியாது. நேசத்தின் படத்துக்கு முன்னால் போய் நின்று சொன்னேன்.

போன சனிக்கிழமை அவள் பின்னுக்கு எடுத்தாள். அதே தாங்கிச் சுவரோரம் நான் நின்று குரல் கொடுத்தேன். இடம் வந்ததும் வாயை மூடினேன். வண்டி நிற்கவில்லை.

"என்ன?" என்றேன். "என்ன பிள்ளை? என்ன?"

பெட்டி என் சட்டைப் பொத்தானைத் தொட்டு நின்றது. அவள் எஞ்சினை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பவில்லை.

"அப்பா, அவர் சொன்னது எந்த என்ன?"

மழை வரும் போலக் கிடக்கு, இறங்கு பிள்ளை, என்றேன். அவள் திறப்பைக் கழற்றிச் சீற்றில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள். இரண்டு நாளாகக் கிருலப்பனையில் சிநேகிதி வீட்டில் நிற்கிறாள். களைப்பாக இருக்கும்.

இன்று காலை நீங்கள் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியும் அதுதான், சொல்லுக்குச் சொல். கெட்டிக்காரத்தனமான கேள்வி. கோப்பை நன்றாக வாசித்திருக்கிறீர்கள்.

தமிழ் 'என்ன' தான், சேர். கேட்ட முதல் தரமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பின்னுக்குப் போனேன். கொன்றேன் என்ற சொல் வேண்டுமென்றால் அதையும் எழுதுகிறேன். கொன்றேன்.

ஒரேயொரு உதவி. இதை டில்ஷானிக்குச் சொல்லவேண்டாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அவள் வண்டியை நிறுத்தியது அப்பா மேல் உள்ள பாசத்தில்தான். வருகிற சனிக்கிழமை என்னைக் காணாமல் பிள்ளை தேடும்.