செந்தூரத்தைச் சுரண்ட வேணாம்

வேணாம் சாகேப், அந்தச் சிலை மேல இருக்குற செந்தூரத்த மட்டும் சுரண்டச் சொல்லாதீங்க. உக்காருங்க, முதல்ல டீ குடிங்க. குகை வாசல்ல காத்து பிச்சிக்கிட்டு அடிக்கும், உங்க பேப்பரெல்லாம் பள்ளத்துக்குப் போயிடும். இந்தாங்க, இந்தக் கல்ல மேல வைங்க. இருபத்தோரு வருசமா இங்க காவக்காரன், எனக்குத் தெரியாதா?

ஆமா, போதிசத்துவர்தான். நம்ம தொல்லியல் ஆபீஸ் பலகையே சொல்லுதே. அதுக்கு முன்னாடி இருந்த பலகையில சமணச் சாமின்னு போட்டிருந்துச்சு. ஊருக்கு அவரு பைரோபா, அவங்க காவல் சாமி. அவரு பாட்டுக்கு நிக்கிறாரு, பேரு மட்டும் மாறிக்கிட்டே இருக்கு.

சட்டம் தெரியும் சாகேப். சிலையத் தொட்டா ஜெயிலுன்னு தினம் கத்துறவனே நான்தான். ஆனா ஊர்த் தலைவரு பொஞ்சாதி வெள்ளியில மீசை செஞ்சு ஒட்டிட்டுப் போயிருக்கு. போதிசத்துவருக்கு மீசை! அதுல கை வச்சா உங்க ஜீப்பு ஊரத் தாண்டாது, சொல்லிட்டேன்.

யாரு முதல்ல பூசுனதா? அட, அது ஒரு தேன்கூட்டால வந்த வினை. அவரு தலைக்கு மேல இத்தாந்தண்டி கூடு. எடுக்கச் சொல்லி ஆபீசுக்கு மூணு கடுதாசி போட்டேன். தேனீ எங்க பொறுப்பில்ல, காட்டு இலாகாவக் கேளுன்னாங்க. அவங்க, குகை எங்களுதில்லன்னுட்டாங்க. மறுநாள் தில்லியிலேருந்து பெரிய அதிகாரி வர்றாரு. அவரக் கொட்டுச்சுன்னா யாரு வேலை போகும்? நானே மூங்கில்ல பந்தத்தக் கட்டிக்கிட்டு ஏறினேன். கண்ணு மேல ஒண்ணு கொட்டுச்சு பாருங்க, கழி நழுவி நேரா அவரு முகத்துல.

ஆயிரத்து ஐநூறு வருசம் எத்தன ராஜா, எத்தன படைக்குத் தப்பிச்ச முகம் சாகேப். பாவி என் கையில போச்சு. அங்கயே உக்காந்து அழுதேன். பென்சனுக்கு அப்ப மூணு வருசம். என்ன செய்ய? வீட்லேருந்து செந்தூரமும் எண்ணெயும் கொண்டாந்து, அந்தத் தேன்மெழுகையே உருட்டி ஒட்டி, மேல அப்பிட்டேன். தில்லிக்காரரு வந்தாரு, உத்துப் பாத்தாரு, பழங்கால வழிபாட்டுக்கு இதுவே சான்றுன்னு எழுதிக்கிட்டுப் போனாரு. அவரு இன்னும் மலையிறங்கல, அதுக்குள்ள பால்காரம்மா வந்து தேங்கா ஒடைச்சிருச்சு. அதுக்கப்பறம் கூட்டம் நின்னபாடில்ல.

இப்ப பென்சனுக்கு நாலே மாசம் சாகேப். பாத்து எழுதுங்க.

கிளம்பிட்டீங்களா? பேப்பர எடுத்துக்கங்க. அந்தக் கல்லு மெதுவா, மெதுவா, கீழ போட்டுறாதீங்க. தூக்கி எறிய மனசு வரல, டீ அடுப்பு பக்கத்துலயே வச்சிருக்கேன். திருப்பிப் பாருங்க, ரெண்டு ஓட்டை தெரியும். அவரு மூக்குதான்.