ராக்கெட் யார் நாய்?

ஜெமி: பங்களா வாசல்ல இருந்து இதையேதான் சொல்லிக்கிட்டு வாரிய.

பென்சன்: சொல்லாம? நாயி யாரோடது?

ஜெமி: நம்மோடது.

பென்சன்: நம்மோடதாம்ல... குட்டியில வாங்கிட்டு வந்தது யாரு? உண்ணி எடுத்தது யாரு?

ஜெமி: நீங்கதான். மெதுவாப் பேசுங்க, பாப்பா திரும்பிப் பாக்கா.

பென்சன்: அவ மீன் தொட்டியப் பாக்கா. ஏட்டி, ராஜபாளையம் நாயி ஒத்த ஆளுக்குத்தான் கட்டுப்படும். ஊருக்கே தெரியும்.

ஜெமி: அதத்தான கேட்லயும் கேட்டாவ. நாயி யாரு சொன்னாக் கேக்குமோ அவிய கையிலதான் அடையாளப் பட்டை கட்டுவாவளாம், கயிறும் அவியதான் பிடிக்கணுமாம். ரெண்டு பேரையும் தள்ளி நின்னு கூப்பிடச் சொன்னாவ. கூப்பிட்டோம்.

பென்சன்: கூப்பிட்டோம்...

ஜெமி: எங்கிட்ட வந்துட்டு. நான் என்ன செய்ய?

பென்சன்: அத்தன பேரு முன்னாடி. பொமரேனியன் வச்சிருந்த ஆளு வேற சிரிக்கான். கயித்த இங்க குடு.

கிருபாபாய்: அண்ணே, இங்க காவலுக்கு நிக்கவ சொல்லுதேன், கயிறு அக்கா கையிலயே இருக்கட்டும். உள்ள பழைய சாமான்லாம் இருக்கு. நீங்க கூடப் போங்க, தப்பில்ல.

பென்சன்: கேட்டியா? நான் கூடப் போற ஆளு.

ஜெமி: காவலுக்கு நிக்கவிய சொல்லத்தான செய்வாவ. வாங்க, ஜமீன் பங்களாவப் பாக்கத்தான வந்தோம். அந்தப் படத்துல ஜமீன்தாரு மீசையப் பாருங்க.

பென்சன்: மீசை கெடக்கட்டும். நாயி யாரு காலடியில படுத்திருக்கு?

ஜெமி: அவரு காலடியில.

பென்சன்: பொண்டாட்டி?

ஜெமி: அந்தப் பக்கம் நிக்காவ.

பென்சன்: அதத்தான் சொல்லுதேன்.

ஜெமி: அந்தம்மா மொகத்தையும் செத்த பாருங்க.

பென்சன்: பேச்ச மாத்தாத. போன வருசம் நாசரேத்துக் கல்யாணத்துக்கு மூணு நாளு போனேன். நீ வச்ச சோத்தத் தொட்டானா?

ஜெமி: தொடல. பச்சத்தண்ணிதான். வெலா எலும்பு தெரிஞ்சிட்டு. நான்தான அதப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

பென்சன்: அப்பேர்ப்பட்டவன் இப்பம் ஒங் காலு மேல தலைய வச்சுப் படுக்கான். வயிறு எரியுது ஜெமி, மறைக்க என்ன இருக்கு. ஏலே ராக்கெட்டு... பாரு, காத மட்டும் ஆட்டுதான்.

ஜெமி: வெயில்ல வந்தது, அலுப்பா இருக்கும்.

பென்சன்: என்ன போட்டு மயக்குன? கறியா?

ஜெமி: கறிக்கு மயங்குற நாயா அது?

பென்சன்: பொறவு?

ஜெமி: ...ஒங்க சட்டை.

பென்சன்: எஞ் சட்டையா?

ஜெமி: மில்லுல இருந்து வந்து வேர்வையோட கழட்டிப் போடுவியல்ல, அந்த நீலச் சட்டை. போன மாசத்துல இருந்து, நீங்க வீட்டுல இல்லாதப்ப அதப் போட்டுக்கிட்டு சோறு வச்சேன். மோந்து பாக்கும், என் மொகத்தப் பாக்கும், ஒதுங்கிரும். ஒரு வாரம் கழிச்சு ரெண்டு வாய் தின்னுச்சு. பொறவு சட்டைய மடியில வச்சுக்கிட்டாலே போதும்னு ஆச்சு. இப்பம் சட்டையே வேண்டாம்.

பென்சன்: ஒரு மாசமா களவாணித்தனம்... என் நாய எங்கிட்ட இருந்து பறிக்க அம்புட்டு ஆசையா ஒனக்கு?

ஜெமி: நாலு வருசமா எங்கயும் கூட்டிட்டுப் போகாத மனுசன், திடீர்னு பொண்டாட்டி, புள்ள, நாயி எல்லாத்தையும் வண்டியில ஏத்திக்கிட்டு வாரிய. ஏன்னு நான் கேட்டனா?

பென்சன்: அது... பாப்பா கேட்டா.

ஜெமி: பாப்பா கேக்கல. போன மாசம் நீங்க குளிக்கையில வேல்பாண்டின்னு ஒரு ஏஜெண்டு போன் பண்ணுனாரு. மெடிக்கல் பாஸாயிட்டாம். விசா வந்துட்டாம். குவைத்துல ரெண்டு வருச வேலையாம்.

பென்சன்: அந்த ஏஜெண்டு ஒங்கிட்டயே சொல்லிட்டானா?

ஜெமி: மூணு நாளைக்கே எலும்பு தெரிஞ்ச நாயி. ரெண்டு வருசம் எப்பிடிக் கெடக்கும்?

பென்சன்: சொல்லணும்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். வாய் வரல.

ஜெமி: வராதுன்னு தெரியும்.

பென்சன்: சரி... அவன் ஒன்ட்ட இருந்துக்கிடுவான். அது போதும். அந்தச் சட்டையத் தொவைச்சு வையி. பெட்டியில வைக்கணும்.

ஜெமி: தொவைக்க மாட்டேன். நாயிக்குத்தான் அது வேண்டாம்னு ஆச்சு... எனக்கு வேணும்.