தலைவர் படம் மறைத்த தெருக்கள்

கண்ணாடியைத் துடைத்தபடி என்னைக் கவலையோடு பார்க்கும் நம் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ஏகநாதன் ஐயா அவர்களே, முன்வரிசையில் முறுவலிக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, மழைநீரோடு மல்லுக்கட்டி வாழும் மாடம்பாக்கத்து மக்களே, உங்கள் அனைவருக்கும் இந்தப் புஷ்பலதாவின் பணிவான வணக்கம்.

நம் சங்கத்தின் இணையப் பக்கத்தில் உள்ள தெரு வரைபடம் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். என்னண்ணா, நாலுதானா என்கிறீர்களா? மைக் என் கையில் இருக்கிறது.

முதலில் அங்கே இருந்தது ஒரு போட்டோ. பெரிதாக்கினால் தெருவும் மங்கும், பெயரும் மங்கும். அதை எடுத்துவிட்டு எஸ்.வி.ஜி. முறையில் வரைந்தேன். அது என்ன? இங்கிருந்து அங்கே கோடு போடு என்று கணினிக்குச் சொல்லும் கட்டளை. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கலங்காது, எழுத்து மங்காது. ஒவ்வொரு தெருவும் தனிக் கோடு. அங்கே இருப்பவர் தொட்டால் சிவக்கும், தண்ணீர் நிற்கிறது என்று பொருள். மறுபடி தொட்டால் பச்சை, வண்டி போகும். எல்லார் போனிலும் உடனே தெரியும்.

ஆனால் தலைவர் கைகூப்பிச் சிரிக்கும் படமில்லாமல் நம் ஊரில் தண்ணீர்ப் பந்தலாவது உண்டா? வரைபடத்துக்கும் வந்தது நம் ஐயா படம், தங்க வளைவோடு. சிரிக்காதீர்கள், கேட்டவர்களே நீங்கள்தான். சோதிக்காமல் போட்டது மட்டும் என் தப்பு.

வந்தது நவம்பர் மழை. ஐந்தாம் தெரு தையல்நாயகி அக்காவுக்குக் காலை பத்தரைக்கு டயாலிசிஸ். முந்தைய முறையே மழையால் தவறி, கால் வீங்கி, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். ஆட்டோ ஓட்டும் யேசுதாசன் அண்ணன் போன் போட்டார்.

"இன்னா மேடம், எந்தத் தெருவத் தொட்டாலும் ஒண்ணும் மாறல. அக்கா வண்டில குந்திகினு கீது. எந்தப் பக்கம் வுடறது?"

பார்த்தேன், பதறினேன். தலைவர் படத்தின் சட்டம் கண்ணுக்குத் தெரியாமல் வரைபடம் முழுவதையும் மூடிக் கிடந்தது. ஊரே தெருவைத் தொடுவதாக நினைத்துத் தலைவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஐயாவை அழைத்தேன். "சார், உங்க படத்தை வெச்சுக்கிட்டே சரிபண்ணலாம், அஞ்சு நிமிஷம் ஆகும்."

"அஞ்சு நிமிஷம் எதுக்கும்மா? என்னைத் தூக்கிடு."

தூக்கினேன். சிவந்தது மூன்றாம் தெரு, சிவந்தது நான்காம் தெரு. எங்கிருந்தோ ஒரு விரல் தொட, ஏரிக்கரைத் தெரு பச்சையானது. அந்த ஒரு பச்சையில் ஆட்டோ போனது. பத்து இருபதுக்கு அக்கா ஆஸ்பத்திரிப் படியேறிவிட்டார்.

தங்கள் படத்தை மாட்டச் சொன்ன தலைவர்கள் எத்தனை பேர்? கழற்றச் சொன்னவர் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து ஒருவர், இதோ, கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார். ஐயா, அந்த இடத்தில் இனி யார் படமும் வேண்டாம், தெரு தெரியட்டும். தொட்டுச் சொன்ன விரல்களுக்கெல்லாம் நன்றி சொல்லி, கைகூப்பி விடைபெறுகிறேன், வணக்கம்.