ரெண்டு டம்ளர், ஒரு மூக்கு

விக்னேஷ்குமார்: ...குடிச்சிராதீகண்ணே! முதல்ல மோந்து பாக்கணும்.

சங்கிலிமுத்து: பாட்டிலக் கொண்டாந்து நடு வீட்ல வச்சுட்டு குடிக்காதங்கீகளே. இது என்ன கூத்து சின்ன மொதலாளி?

விக்னேஷ்குமார்: கூத்தில்ல, டெஸ்ட். ஒரு டம்ளர்ல நான் அமெரிக்காவுலருந்து கொண்டாந்த விஸ்கி. இன்னொண்ணுல சாத்தூர் கடையில வாங்குன குவாட்டர். எது எதுன்னு சொல்லணும்.

சங்கிலிமுத்து: சொல்லிட்டா?

விக்னேஷ்குமார்: நாளைக்கு வாற ஊதுற மிசினத் திருப்பி அனுப்பிருதேன். எப்பவும் போல நீங்களே கம்பெனி கேட்ல நின்னு, ஆளுக வாய மோந்து பாத்து உள்ள விடுங்க. தப்பாச் சொன்னா கேட் வேலய மிசின்கிட்ட விட்டுட்டு பேக்கிங் பக்கம் போயிரணும்.

சங்கிலிமுத்து: தம்பி... இருவது வருசம். அச்சங்குளத்துல எத்தன பட்டாசுக் கம்பெனி இருக்கு? நம்ம கேட்டத் தாண்டி ஒரு குடிகாரன் உள்ள போயிருக்கானா? உங்க அப்பாட்ட கேளுங்க.

விக்னேஷ்குமார்: அப்பாதான் சொல்லுதாரே, 'சங்கிலிமுத்து மூக்கு இருக்கையில மிசின் எதுக்குடா'ன்னு. அந்த மூக்கத்தான் பாக்க வந்திருக்கேன். வெடி மருந்து ரூம்ங்கது வெளாட்டு இல்லண்ணே. குடிச்சவன் ஒருத்தன் கை தடுமாறுனா பத்துக் குடும்பம் போச்சு. ரூல்னா எல்லாருக்கும் ரூல்.

செல்வலட்சுமி: அதச் சொல்லத்தான் ஞாயித்துக்கிழம லீவு நாளாப் பாத்து வீடு தேடி வந்தீகளாக்கும். ஏங்க, நான் வேணா பக்கத்துல நின்னு டம்ளர எடுத்துத் தரவா?

விக்னேஷ்குமார்: நீங்க வேண்டாங்க்கா. அடுப்படியிலயே நில்லுங்க. புருசன் பொண்டாட்டி கண்ணாலயே பேசிக்கிருவீக.

செல்வலட்சுமி: கல்யாணமாகி இருவத்தஞ்சு வருசம், வாயால பேசவே இவுகளுக்கு நேரமில்ல. கண்ணால பேசிட்டாலும்!

விக்னேஷ்குமார்: ஒரு சூதும் இல்லண்ணே. கடைச் சரக்கு ஊத்துன டம்ளர் அடியில பேனாவுல புள்ளி வச்சிருக்கேன். கடைசியாத்தான் தூக்கி அடியப் பாக்கணும். ம்... ஆரம்பிங்க.

சங்கிலிமுத்து: இருங்க, இருங்க. பொண்ணு பாக்கப் போனாக்கூட எந்த ஊரு, என்ன படிப்புன்னு கேக்காம இருப்பமா? அப்படி என்ன இருக்கு இந்த அமெரிக்காச் சரக்குல?

விக்னேஷ்குமார்: ஓக் மரத்துல பீப்பாய் செஞ்சு, உள்பக்கத்தத் தீயில கருக்குவாங்க. அதுல வருசக்கணக்கா ஊறும். அப்புறம் இன்னொரு புதுப் பீப்பாய இளந்தீயில வாட்டி அதுக்கு மாத்துவாங்க. 'டோஸ்ட்டட் பேரல்'னு பேரு.

சங்கிலிமுத்து: இளந்தீயில வாட்டியா? தோசையா சுடுதாக? நல்ல கூத்தா இருக்கே! இங்கன ஒரு பொறி விழுந்தா டிவிக்காரன் வாரான். அங்கன பொறி விழுந்தத பாட்டில்லயே எழுதி ஒட்டி விக்கானா!

விக்னேஷ்குமார்: பேச்ச மாத்தாதீக. மோந்து பாருங்க.

சங்கிலிமுத்து: பாக்கேன்... ம்ம்... ம்ஹும்... ஏ லச்சுமி! தொட்டுக்க ஒரு ஊறுகா கூட இல்லாம என்ன புள்ள? இங்கன வா!

விக்னேஷ்குமார்: மோந்து பாக்கதுக்கு எதுக்குண்ணே ஊறுகா? அக்கா, வராதீக!

செல்வலட்சுமி: வரல தம்பி... முட்ட வெந்துக்கிட்டு இருக்கு.

விக்னேஷ்குமார்: என்ன வாசம் வருது? வெண்ணிலா வருதா? கேரமல்? பொசுக்குன மார்ஷ்மெல்லோ?

சங்கிலிமுத்து: அது என்ன மெல்லோ?

விக்னேஷ்குமார்: சவ்வு மிட்டாய் மாதிரி இருக்கும். குச்சியில குத்தி நெருப்புல வாட்டித் திம்பாங்க.

சங்கிலிமுத்து: சவ்வு மிட்டாயையும் விடலயா? அந்த ஊர்ல கண்ணுல பட்டதெல்லாம் வாட்டுவாக போலருக்கு. இம்புட்டும் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

விக்னேஷ்குமார்: ரெண்டு நாள் டேஸ்டிங் கிளாஸ் போனேன்ல? சர்ட்டிபிகேட் இருக்கு.

சங்கிலிமுத்து: குடிக்கதுக்கு சர்ட்டிபிகேட்டா! நம்ம பக்கம் குடிய விட்டாத்தான குடுக்காக.

விக்னேஷ்குமார்: நக்கலெல்லாம் அப்புறம். இப்ப வாயில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. நாக்குல உருட்டணும்.

சங்கிலிமுத்து: ...ஸ்ஸ்ஸ்... எரியுது.

விக்னேஷ்குமார்: அடுத்தது?

சங்கிலிமுத்து: ...ஆத்தாடி... இதுவும் எரியுது.

விக்னேஷ்குமார்: ரெண்டுமே எரியத்தான் செய்யும். வாசத்துலதாண்ணே வித்தியாசமே. என்ன முழிக்கீக? வேர்த்து ஊத்துது...

சங்கிலிமுத்து: வேர்வைக்கு என்ன, சித்திரை மாசம். தம்பி, ஒரு மரியாதைக்குச் சொல்லுதேன். மொதலாளி வாய் வைக்காம தொழிலாளி தீர்ப்பு சொல்லலாமா? சர்ட்டிபிகேட்காரரு நீங்க முதல்ல சொல்லுங்க.

விக்னேஷ்குமார்: எனக்கென்ன, கண்ணக் கட்டிக்கிட்டே சொல்லுவேன். குடுங்க... ம்ம்ம்... இந்த வலது பக்கத்து டம்ளரு... ஆகா! வெண்ணிலா... வாட்டுன முந்திரி... கடைசியில லேசா ஒரு புகை... பட்டு மாதிரி எறங்குதுண்ணே!

சங்கிலிமுத்து: அதேதான்! அதத்தான் நானும் நெனச்சேன். வலதுதான் அமெரிக்கா. பட்டுன்னா பட்டு, பரமக்குடிப் பட்டு!

விக்னேஷ்குமார்: உறுதியா? மாத்தக் கூடாது.

சங்கிலிமுத்து: மாத்துனா என் பேரு சங்கிலிமுத்து இல்ல.

விக்னேஷ்குமார்: சரி, டம்ளரத் தூக்கி அடியப் பாக்கேன்...

சங்கிலிமுத்து: என்ன தம்பி? என்ன தெரியுது?

விக்னேஷ்குமார்: ...புள்ளி.

சங்கிலிமுத்து: எதுல?

விக்னேஷ்குமார்: வலதுல.

செல்வலட்சுமி: அப்ப சாத்தூர் கடையிலதான் வெண்ணிலா, முந்திரி, பட்டு எல்லாம் கிடைக்குது! அமெரிக்காவுக்கு ஏன் தம்பி அலைஞ்சீக?

விக்னேஷ்குமார்: சிரிக்காதீகக்கா! எனக்குத் தெரியாட்டி ஒரு நட்டமும் இல்ல. நான் கேட்ல நிக்கல. அண்ணனுக்குத் தெரியணும்ல? மூக்குக்கு நேரா ரெண்டும் இருந்துச்சு. ஒண்ணும் தெரியலயே! நாளைக்கு மிசின் வருது. அண்ணே, நீங்க பேக்கிங்.

சங்கிலிமுத்து: தம்பி... இந்த ஒரு தடவ...

விக்னேஷ்குமார்: ரூல்னா ரூல்ண்ணே.

செல்வலட்சுமி: ஒரு நிமிசம். நான் அடுப்படிய விட்டு வரலாமா இப்ப? வலது டம்ளர்ல சர்க்கரப் பாகு வாடை, ஸ்பிரிட்டு. இடதுல கருகுன கட்ட, அதுக்கு மேல ஏலக்கா மாதிரி ஒண்ணு. நீங்க மூடியத் தெறந்தப்பவே இது அடுப்படி வரைக்கும் வந்துருச்சு.

விக்னேஷ்குமார்: அடுப்படியிலருந்தேவா! ஆறு அடி தள்ளி நின்ன உங்களுக்கு வந்தது, மூக்குல வச்சுப் பாத்த அண்ணனுக்கு வரலயா?

சங்கிலிமுத்து: லச்சுமி... வேண்டாம் புள்ள...

விக்னேஷ்குமார்: என்ன வேண்டாம்? யாராவது ஒருத்தர் சொல்லுங்க. கேட்ல என்னதான் நடக்குது?

செல்வலட்சுமி: சொல்லிருதேன். எப்படியும் கேட் வேல போச்சு. கொரோனா வந்து போனதுலருந்து நாலு வருசமா இவுகளுக்கு ஒரு வாடையும் தெரியாது தம்பி. சாம்பார் தீஞ்சாலும் நாந்தான் சொல்லணும். 'ஊது'ம்பாக இவுக, மோந்து பாக்கது நானு. பொம்பளயாளுக பையச் சோதிக்கேன்னு பக்கத்துலதான நிக்கேன்? வாடை அடிச்சா இவுக கால மிதிப்பேன், இவுக ஆளத் திருப்பி அனுப்பிருவாக. சம்பளம் இவுகளுக்கு கேட் காவலுக்கு, எனக்குப் பை சோதிக்கதுக்கு. நாலு வருசத்துல ஒரே ஒரு ஆளத்தான் விட்டுட்டோம். போன புதன்கிழம காலையில, கார் கண்ணாடிய எறக்கி 'தெற கேட்ட'ன்னு ஒரு சத்தம். கூடவே கருகுன கட்ட வாடை, இந்த இடது டம்ளர்ல இருக்கே, அதே வாடை. கால நல்லா மிதிச்சேன். மொதலாளி மகன்னு இவுக கும்பிடு போட்டுத் தெறந்து விட்டுட்டாக. நேரா மருந்து ரூமச் சுத்திப் பாக்கப் போனீக. உள்ள பதினோரு பேரு. இப்ப இவுகளத் தாராளமா பேக்கிங்குக்கு அனுப்புங்க. நாளைலருந்து கேட்ல நான் நிக்கேன், நீங்க கார விட்டு எறங்கி ஊதிட்டு உள்ள போங்க.