கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லை

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பா என்னுடையதுதான், மேடம். நல்ல கனமான தகரம். கம்பெனி விசாரணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மின்சார வண்டிகளுக்கான சார்ஜருக்குள் சிம் கார்டு போட்டு, ஆன்டெனா வைத்து, அதைத் தலைமை அலுவலகத்தோடு பேச வைப்பது. நம்முடைய மாடலுக்கு ஒரு குணம் உண்டு. "போதும், நிறுத்து" என்று வண்டிக்காரர் போனில் அமுக்கினால், அந்தச் செய்தி தலைமை அலுவலகம் போய், அங்கிருந்து "சரி, விடு" என்று பதில் வந்தால்தான் வண்டியில் செருகிய ஒயரை விடும். சிக்னல் இல்லையென்றால் பிடித்த பிடிதான். இந்த மாடலை வாங்காதீர்கள் என்று அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளச் சார்ஜரை அமைத்ததும் நான்தான். பூமிக்கடியில் சிக்னல் எங்கிருந்து வரும்? வென்டிலேட்டர் ஓரமாக ஒரே ஒரு மூலையில் எட்டிப் பார்த்தது. ஒயரை இழுத்துப் போய் ஆன்டெனாவை அங்கே வைத்தேன்.

மகளும் மாப்பிள்ளையும் வெளியூர். என் மனைவி போன பிறகு மாதம் ஒரு தடவை என்னைப் பார்க்க வருவார்கள். பார்க்க என்றால் பார்க்க மட்டும்தான். வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு மேலே வருவார்கள். காபி ஆறுவதற்குள் மாப்பிள்ளை போனைப் பார்த்து, "எண்பது பர்சென்ட் ஏறிடுச்சு, கிளம்பலாமா?" என்பார். அது ஏறுகிற நேரம்தான் எனக்கு ஒதுக்கிய நேரம்.

ஒருநாள் சிக்னல் தானாகவே படுத்துவிட்டது. சத்தியமாகத் தானாகவே. வண்டி மாட்டிக்கொண்டது. அன்று மகள் என் அலமாரியைக் குடைந்து, காலாவதியான மாத்திரைகளை எடுத்து வீசி, என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அடுத்த தடவை அதிர்ஷ்டத்தை நம்பிக்கொண்டிருக்க முடியுமா? குப்பை போட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே போய், ஆன்டெனாமேல் இந்த டப்பாவைக் கவிழ்த்தேன்.

மாப்பிள்ளை புகார் எண்ணுக்குப் போன் செய்வார். அவர்கள் இந்த வட்டார டெக்னீஷியனைக் கூப்பிடுவார்கள். அது நான். அவர் எதிரிலேயே என் போன் அடிக்கும். "பாத்தீங்களா மாப்ள, லீவு நாள்லகூட நிம்மதியா இருக்க விடமாட்டேங்கறாங்க" என்று அலுத்துக்கொண்டே கருவிப்பெட்டியைத் தேடுவேன். தேடுவதற்கே நேரம் பிடிக்கும். சார்ஜரில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு, அமுக்கினால் ஒயர் கழன்றுவிடும். "அதைத் தொட்டுடாதீங்க, லிஃப்ட் நின்னுடும், உள்ள யாராவது வயசானவங்க இருந்தா?" என்று சொல்லிவைத்திருந்தேன். மாப்பிள்ளை இளகின மனசுக்காரர்.

ஒருநாள் டப்பாவை எடுக்க மறந்துவிட்டதில் இரண்டாம் மாடிப் பல் டாக்டரும் மாட்டிக்கொண்டார், உண்மைதான். அதனால் எத்தனை பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள் தெரியுமா என்று கேட்கிறீர்கள். பல் தப்பித்தவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா?

இனி அந்த நேர்காணல் விஷயம். மகள் வருஷக்கணக்காக ஆசைப்பட்ட வேலை. எங்கள் ஊரைத் தாண்டிப் போக வேண்டும் என்பதால், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக இறங்கினாள். வேலை கிடைத்தால் குடித்தனமே அந்தத் தூரத்து ஊருக்கு மாறும் என்றாள். அங்கிருந்து மாதாமாதம் யார் வருவார்கள்? நான் தடுக்க நினைக்கவில்லை. கொஞ்சம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும் என்றுதான் குப்பையை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

ஒயர் வராததும் மாப்பிள்ளை டாக்ஸி பிடிக்கலாம் என்றார். மகள்தான் வேண்டாம் என்றாள். "அப்பா இருக்கறப்ப டாக்ஸி எதுக்குங்க? சட்டுன்னு சரி பண்ணிடுவாரு."

பெற்ற பெண் அப்படிச் சொல்லும்போது எந்தத் தகப்பனுக்குத்தான் மனசு குளிராது? சார்ஜரைக் கழற்றினேன், துடைத்தேன், மறுபடி மாட்டினேன். "இதோ ஆச்சு பாப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நேர்காணல் நேரம் தாண்டும்வரை சொன்னேன்.

அவள் வண்டிமேல் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் வென்டிலேட்டரைப் பார்த்தாள். எட்டி டப்பாவை எடுத்தாள். சார்ஜர் டக்கென்று ஒயரை விட்டது. நான் கொடுத்த இணைப்பு அவ்வளவு சுத்தம்.

"இது நான் வாங்கிட்டு வந்த பிஸ்கட்டுப்பா" என்றாள். டப்பாவைக் கையோடு கொண்டுபோய்விட்டாள். அது உங்கள் மேசைக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர்கள் வரவில்லை. போனையும் எடுப்பதில்லை. கோபமாக இருக்கும் என்கிறார் பல் டாக்டர். அவருக்கென்ன தெரியும்? என் பெண்ணுக்கு என்மேல் கோபமே வராது. அவர்கள் ஊர்ச் சார்ஜரில் சிக்னல் போயிருக்கும். யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், மேடம். பாவம், என்னிடம் கிளம்பி வர முடியாமல் இரண்டு பேரும் தவித்துக்கொண்டிருப்பார்கள்.